வேலாங்குளம் கோட்டைக்கு உதவிப்படை

ஓய்வு பெறுகிற மாதம் பார்த்துக் கல்யாணராமனை வெள்ளைக்காரத் தளபதியாக்கிவிட்டார்கள்.

அவர் கேட்டு வாங்கிய பதவி இல்லை. வேலாங்குளம் தாலுகா ஆபீசில் டெபுடி தாசில்தார் அவர். எதிர்க்காற்று அடித்தால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற உடம்பு. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் யார்மீதும் கையை ஓங்கியதில்லை, குரலை உயர்த்தியதில்லை, எழுத்தில் இல்லாத எதையும் நம்பியதுமில்லை. அப்பேர்ப்பட்ட மனிதரைப் பிடித்துத் தொப்பி மாட்டிவிட்டால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

நாடு சுதந்திரம் வாங்கி ஐம்பது வருஷம் ஆகிறதென்று எல்லா ஊரிலும் விழா. மதுரை ஜில்லாவில் வேலாங்குளத்துக்கு ஒரு தனிப்பெருமை உண்டு. கம்பெனிக்காரன் காலத்தில் இங்கே ஒரு மண்கோட்டை இருந்ததாம். அதில் வெள்ளைக்காரப் பட்டாளம் ஒன்று தங்கியிருந்ததாம். சுற்றுப்பட்டு ஜனங்கள் திரண்டு வந்து கோட்டையை வளைத்துக்கொண்டார்களாம். தளபதி திருச்சிக்கு ஆள் அனுப்பி உதவிப்படை கேட்டான். அது வந்து சேர்வதற்குள் கோட்டை விழுந்துவிட்டது. எந்த வருஷம் என்று பத்துப் பேரைக் கேட்டால் பத்து வருஷம் சொல்வார்கள். ஆனால் உதவிப்படை பிந்தி வந்ததில் மட்டும் யாருக்கும் சந்தேகம் கிடையாது. சர்க்கார் காரியம் அல்லவா?

இந்தச் சண்டையை ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி ஹைஸ்கூல் மைதானத்தில், அமைச்சர் முன்னால் நடித்துக் காட்டுவதென்று கலெக்டர் முடிவு செய்தார். வசனம் ராஜாராம் வாத்தியார். மதுரையில் மகாலுக்குப் பின்னால் குடியிருக்கிற சௌராஷ்டிரக்காரர். வீட்டில் அவர்கள் பாஷை, வகுப்பில் தமிழ், மைக் கையில் கிடைத்தால் இடிமுழக்கம். நடிக்கிறவர்கள் அரசு ஊழியர்களாகவே இருக்க வேண்டும் என்றார் கலெக்டர். கோட்டையைப் பிடிக்கிற வீரர்களாக வருவதற்குத் துறைகளுக்குள் அடிதடி. கடைசியில் நெடுஞ்சாலைத் துறை அதைத் தட்டிக்கொண்டு போயிற்று. ஜல்லி சுமந்து உரமேறிய இளவட்டங்கள் அவர்களிடம்தான் இருந்தார்கள். தோற்றுப்போகிற வெள்ளைக்காரனாக வர ஒரு துறையும் முன்வரவில்லை. யாருக்கும் வேண்டாத வேலை எந்தத் துறைக்கு வரும் என்பது தெரிந்ததுதானே. வருவாய்த் துறைக்கு வந்தது.

"தளபதி யார்?" என்று கலெக்டர் கேட்டபோது கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் குனிந்து கோப்பு படித்தார்கள். கல்யாணராமனுக்கு அந்த நேரம் பார்த்தா விக்கல் வர வேண்டும்? தண்ணீர் குடிக்கத் தலையைத் தூக்கினார்.

"வெரி குட்," என்றார் கலெக்டர். "உதவிப்படைக்கு மத்த டிபார்ட்மென்ட்டுல இருந்து ஒரு இருபது பேரைத் திரட்டணும். அந்த ஒருங்கிணைப்பையும் நீங்களே பாத்துக்குங்க."

தளபதி ஆனதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். கோட்டை அவர் பெயரில் வந்ததுதான் வினை.

கோட்டை என்றால் கல்லா, மண்ணா? சவுக்குக் கம்பு நட்டு, வெள்ள நிவாரணத்துக்கென்று சர்க்கார் ஸ்டோரில் வைத்திருந்த தார்ப்பாய்களை இழுத்துக் கட்டி, செங்கல் மாதிரி சாயம் பூசினது. தண்ணீர் ஊற்றினால் சாயம் போய்விடும் என்று பூசினவர் சத்தியம் செய்திருந்தார். வாசலுக்குப் பள்ளிக்கூடத்துக் கரும்பலகை இரண்டு. சிப்பாய்களுக்கு என்.சி.சி.யின் மரத் துப்பாக்கிகள். சிவப்புக் கோட்டுகள் மதுரையில் ஒரு கல்யாண பேண்டு செட்டிலிருந்து வாடகைக்கு வந்தன. முன்பக்கம் பார்த்தால் அசல் கம்பெனிப் பட்டாளம். முதுகில் மட்டும் ஜரிகை எழுத்தில் பேண்டு செட்டின் பெயரும் போன் நம்பரும் பளபளத்தன. அதனால் வெள்ளைக்காரப் படை எக்காரணம் கொண்டும் அமைச்சருக்குப் புறமுதுகு காட்டக்கூடாது என்று ராஜாராம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இத்தனைக்கும் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் கல்யாணராமன். ஸ்டோர் பொறுப்பாளர் தங்கப்பொண்ணு தார்ப்பாய்களை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டித்தான் கொடுத்தாள். கண்டிப்பில் அந்த அம்மாளுக்கு ஈடு ஜில்லாவில் கிடையாது.

"குடுத்தது குடுத்த மாதிரி வரணும் சார். ஒரு ஓட்டை இருந்தாலும் உங்க பேருலதேன் எழுதுவேன். ரிட்டயர் ஆகப் போறீங்கன்னு பாக்க மாட்டேன்."

கல்யாணராமன் ஒவ்வொரு தார்ப்பாயையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மறுபடி பார்த்தார். காரணம், மலைச்சாமி. அதே ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஏதோ ஒரு புயலுக்கு வாங்கிக்கொண்டு போன பெட்ரோமாக்ஸ் விளக்கு இரண்டைத் திருப்பிக் கொடுத்ததற்கு அவரிடம் சீட்டு இல்லை. விளக்கு போனால் போகிறதா? பாக்கியில்லை என்கிற சர்டிபிகேட் கிடைக்காமல் பென்ஷன் நின்றுபோயிற்று. மனிதர் வருஷக்கணக்காகத் தினமும் காலையில் குளித்து, திருநீறு பூசி, வேலைக்கு வருகிற மாதிரியே வந்து தாலுகா ஆபீஸ் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கல்யாணராமன் வரும்போது எழுந்து வணக்கம் சொல்வார். அந்த வணக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் கல்யாணராமனுக்கு அந்தப் பெஞ்சில் தனக்கும் ஓர் இடம் காலியாக இருப்பதாகத் தோன்றும். அவருக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: சுத்தமாக வெளியே போக வேண்டும். மாலை மரியாதை எதுவும் வேண்டாம்.

ஒத்திகை நடந்தது. நெடுஞ்சாலைத் துறைப் படைக்குத் தலைவன் முத்துக்கருப்பன், சாலை ஆய்வாளர். வேலைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. மீசை மட்டும் நிரந்தரம். நல்ல பையன்தான்; ஆனால் உறுமி அடித்தால் அவனுக்கு முன்னால் இருப்பது கோட்டையா, தார்ப்பாயா என்பது மறந்துபோகிறது. "வெற்றிவேல்!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான். பின்னால் அத்தனை இளவட்டங்களும். ஓடிவந்த வேகத்தில் மேற்குச் சுவர் டர்ரென்று கிழிந்தது.

"சாரி சார்," என்றான் முத்துக்கருப்பன். "அன்னைக்கு இன்னும் வேகமா வாரோம்."

கிழிந்த தார்ப்பாயைக் கல்யாணராமன் சைக்கிளில் வைத்துத் திருப்பரங்குன்றத்தில் இருந்த வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் மனைவி அகிலாண்டம் ராத்திரிச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, கோணி ஊசியில் சணல் நூல் கோத்துத் தைக்க உட்கார்ந்தாள். தையல் தெரியாமல் இருக்க அதன்மேல் அவரே செங்கல் வரைந்தார்.

"ஏன்னா, ஒத்திகைக்கே இப்படின்னா அன்னிக்கு ஒரு முழம் கூட மிஞ்சாதே," என்றாள் அகிலாண்டம்.

"அதான் யோசிச்சேன். உதவிப்படை கோட்டை விழுந்தப்புறம்தானே வரது? அதை முன்னாலேயே வரவழைச்சுடப் போறேன். இருபது பேரையும் தார்ப்பாய்க்கு முன்னால வரிசையா நிறுத்திட்டா, இவன் எப்படிக் கிழிப்பான்?"

"வருவாளா?"

"லெட்டர் போடறேன்."

அகிலாண்டம் ஊசியைத் தலைமயிரில் ஒரு தேய்ப்புத் தேய்த்துக்கொண்டாள். "ஒரு தடவையாவது நேரே போய் வாயைத் தொறந்து கேக்கப்படாதோ? 'சார், கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்கோ'ன்னா நாலு பேர் வரமாட்டாளா?"

"வாயால கேட்டா ரெக்கார்டு இருக்காதேடி," என்றார் கல்யாணராமன்.

இந்த ஒரு வாக்கியத்தில் அவருடைய முழு வாழ்க்கையும் அடங்கிவிடும். வேலைக்கு ஆள் குறைவு என்றாலும் எழுதித்தான் கேட்பார், பக்கத்து மேஜைக்காரரிடம் ரப்பர் ஸ்டாம்பு வேண்டுமென்றாலும் சீட்டு எழுதித்தான் வாங்குவார். அப்படி எழுதிக் கேட்ட எதுவும் அவருக்கு இதுவரை வந்து சேர்ந்ததில்லை என்பது வேறு விஷயம்.

மறுநாள் கடிதங்கள் புறப்பட்டன. "பொருள்: சுதந்திரப் பொன்விழா – வேலாங்குளம் கோட்டை – முற்றுகையில் உள்ள ஆங்கிலேயப் படைக்கு உதவிப்படை அனுப்பக் கோருதல் – தொடர்பாக." கீழே, தளபதி என்றும் துணை வட்டாட்சியர் என்றும் இரண்டு பதவியையும் போட்டுக் கையெழுத்து. எல்லாவற்றுக்கும் நகல், நகலுக்கு ஒரு நகல்.

பதில்கள் வரத் தொடங்கின. வராமலே இருந்திருக்கலாம்.

அமைச்சர் வருகைக்குப் பந்தோபஸ்து கொடுக்கவே ஆள் பற்றவில்லை, ஆகவே கோட்டைக்குள் உபரியாக இருக்கும் சிப்பாய்களைத் தங்களுக்கு அனுப்பி உதவ வேண்டும் என்று போலீசிலிருந்து எழுதியிருந்தார்கள். தீயணைப்பு நிலையம் தயாராகத்தான் இருந்தது. ஆனால் தீ இல்லாமல் வண்டியை எடுக்க விதியில் இடமில்லையாம். கோட்டை தீப்பற்றும் உத்தேச நேரத்தை முன்கூட்டித் தெரிவித்தால் வசதியாக இருக்கும் என்று கேட்டிருந்தார்கள். சுகாதாரத் துறைக்காரர்கள் சிப்பாய்களில் எத்தனை பேர் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்கள் என்ற விவரத்தை உடனே அனுப்பச் சொன்னார்கள். உதவிப்படைக்குக் குதிரை இரண்டு வேண்டுமென்று கால்நடைத் துறையைக் கேட்டிருந்தார். குதிரை இல்லை, பொலிகாளை இரண்டு இருக்கின்றன, சத்தம் கேட்டால் மிரளும், மிரண்டால் தளபதியே பொறுப்பு என்று பதில் வந்தது. கல்யாணராமன் காளைகளை நன்றியுடன் மறுத்து ஒரு கடிதம் எழுதினார். கோட்டைக்கு மின் இணைப்பு வாங்கியிருக்கிறதா என்று மின்வாரியத்திலிருந்து ஒருவர் நேரிலேயே வந்து பார்த்துவிட்டுப் போனார். படையில் சேர அல்ல.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது வேளாண்மைத் துறைக்குப் போட்ட கடிதம். அது அங்கிருந்து மேலே மதுரைக்குப் போயிற்று. மதுரையில் இது தங்களைச் சேர்ந்ததல்ல என்று கலெக்டர் ஆபீசுக்குத் தள்ளினார்கள். கலெக்டர் ஆபீசில் யாரோ ஒரு குமாஸ்தா, 'வேலாங்குளம்' என்ற பெயரை மட்டும் படித்துவிட்டு, வேலாங்குளம் துணை வட்டாட்சியருக்கே அனுப்பிவைத்தார். உறையைப் பிரித்தால் உள்ளே கல்யாணராமனுடைய கடிதம். அதன் மேல் ஓர் உத்தரவு: "இப்பொருள் குறித்துத் தாங்களே தகுந்த நடவடிக்கை எடுத்து, முற்றுகையில் உள்ள தளபதிக்கு உடனடியாக உதவி கிடைக்கச் செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்."

கல்யாணராமன் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு வேறு வழியில்லாமல், பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்தார்.

விழா நாள் வந்தது. கப்பலூர்ப் பக்கமிருந்து அடித்த காற்றில் அனல் பறந்தது. அமைச்சர் வர வேண்டிய நேரத்துக்கு அவருக்கு முன்னால் வருகிற ஜீப் மட்டும் வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போயிற்று. கோட்டைக்குள் கிராம உதவியாளர்களும் வி.ஏ.ஓ.க்களும் கம்பளிக் கோட்டுக்குள் வெந்துகொண்டிருந்தார்கள். உதவிப்படை வருகிறதா என்று கல்யாணராமன் தார்ப்பாய் இடுக்கு வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐஸ் வண்டி வந்தது. பலூன்காரர் வந்தார். உதவிப்படை வரவில்லை.

"சார், ஒருத்தனையும் காணோமே," என்றான் தலையாரி முத்திருளன், மரத் துப்பாக்கியால் முதுகைச் சொறிந்தபடி.

கல்யாணராமன் ஒரு முடிவுக்கு வந்தார். சட்டைப் பையில் நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது. அவரே டைப் அடித்தது. கோட்டையையும் அதில் அடங்கிய பொருட்களையும் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, கீழே ஒரு கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார். சர்க்காரில் ஒருவன் ஓர் இடத்தை விட்டுப் போனால் அடுத்து வருகிறவன் கையெழுத்துப் போட்டுத்தானே பொறுப்பு எடுத்துக்கொள்ள வேண்டும்? அந்தக் கையெழுத்து விழும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. மலைச்சாமி எழுந்துவிட்டார், அதுதான் அவர் செய்த தப்பு.

"இங்க பாருங்கப்பா," என்று சிப்பாய்களைக் கூட்டி வைத்துச் சொன்னார், "நான் சொல்ற வரைக்கும் கோட்டை விழக்கூடாது. தார்ப்பாயை எவனும் தொட விடாதீங்க."

அவர்களுக்கு இதைவிட இனிப்பான உத்தரவு கிடைக்குமா? ஒத்திகையில் தினமும் அடிவாங்கிச் செத்துக்கொண்டிருந்தவர்கள். முதுகைத் திருப்பவும் கூடாதாம். முறுக்கிக்கொண்டு நின்றார்கள்.

அமைச்சர் வந்தார், உறுமி முழங்கியது, முத்துக்கருப்பன் படை பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் திரும்பியும் வந்தது. வாசலுக்கு முன்னால் வருவாய்த் துறை கை கோத்து நின்றது. நெடுஞ்சாலைத் துறை மறுபடி முட்டிற்று. வருவாய்த் துறை அசையவில்லை. கூட்டத்துக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. விசில் பறந்தது. வெள்ளைக்காரன் பக்கம் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்போல, "விடாதே மாமா!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"கோட்டை விழுந்தது!" என்று மைக்கில் முழங்கினார் ராஜாராம்.

கோட்டை விழவில்லை.

"இதோ, விழுந்துகொண்டே இருக்கிறது!"

அதுவும் இல்லை. "ஆணவக் கோட்டை விழப்போகும் நேரம் நெருங்கிவிட்டது!" என்று இறங்கி வந்தார் ராஜாராம். அமைச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். கலெக்டர் அமைச்சரைப் பார்த்தார். பிறகு கலெக்டர் கோட்டையைப் பார்த்த பார்வையில் சவுக்குக் கம்பு பற்றிக்கொள்ளாததே ஆச்சரியம்.

வாசல் கரும்பலகையின் இடுக்கில் முத்துக்கருப்பனின் மீசை தெரிந்தது. வியர்வை சொட்டியது.

"சார், எம்புட்டு நேரம்தேன் முட்டுறது? விழுந்துருங்க சார்."

"விழறேன். இதுல ஒரு கையெழுத்துப் போடு."

"என்ன சார் இது?"

"சார்ஜ். இந்தக் கோட்டையை நீ எடுத்துக்கப் போறே. எடுத்துக்கறவன் கையெழுத்துப் போட வேண்டாமா? முத்திருளா, குனி."

முத்திருளன் குனிந்தான். முத்துக்கருப்பன் அமைச்சரைத் திரும்பிப் பார்த்தான், கலெக்டரைப் பார்த்தான், வேறு கதியில்லாமல் முத்திருளனின் முதுகில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டான். கல்யாணராமன் மை காய்கிறவரை ஊதினார். மடித்துப் பைக்குள் வைத்தார். வாளை எடுத்து நீட்டி, மண்டியிட்டார். அப்படி நிம்மதியாகத் தோற்ற தளபதி சரித்திரத்தில் யாரும் இருக்க முடியாது.

"சரணாகதிப் பத்திரம் கையெழுத்தாகிவிட்டது!" என்று அலறினார் ராஜாராம். மைதானம் கைதட்டலில் அதிர்ந்தது.

"ஜெயிச்சவன் எதுக்குய்யா கையெழுத்துப் போடுறான்?" என்று அமைச்சர் கேட்டாராம்.

"அந்தக் காலத்து வழக்கம் சார்," என்றாராம் கலெக்டர்.

அமைச்சர் போனார், கலெக்டர் போனார். நெடுஞ்சாலைத் துறை வீரர்கள் எலுமிச்சைச் சாதப் பொட்டலம் கொடுக்கிற இடத்துக்குப் போனார்கள். வருவாய்த் துறை அதற்கு முன்னாலேயே போயிருந்தது. கல்யாணராமன் கோட்டைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உடம்பிலிருந்த சிவப்புக் கோட்டைக் கழற்றவும் மறந்து, பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த அகிலாண்டத்தைக் கூட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றார்.

"முடிஞ்சுதுடி," என்றார், பையைத் தொட்டுக் காட்டி. "இனிமே ஒரு பய என்னைக் கேக்க முடியாது." பல வருஷமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது அவருக்கு. சந்தோஷத்தில் அவள் குடையைக்கூட வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

பஸ் வந்தது. "பேண்டு செட்டெல்லாம் பின்னாடி ஏறு," என்றார் கண்டக்டர். கல்யாணராமன் படியில் ஒரு காலை வைத்தார்.

மைதானத்தில் ஜனங்கள் கோட்டையைப் பார்க்க உள்ளே வந்திருந்தார்கள். முதலில் சும்மாதான் பார்த்தார்கள். ஒரு பெண் தார்ப்பாயை இரண்டு விரலால் கசக்கி, "நல்ல கெட்டியா இருக்கே," என்றாள். "ஐப்பசி மழைக்கு ஆகும்," என்றார் பக்கத்திலிருந்தவர். அவ்வளவுதான். கம்பெனிக்காரன் கோட்டையில் நமக்கில்லாத பங்கா? ஒருவன் கயிற்றை அவிழ்த்தான், ஒருவன் கம்பைப் பிடுங்கினான், கிழக்குச் சுவர் நான்கு பேர் தலைமேல் நடக்கத் தொடங்கியது. நடுவில் முத்துக்கருப்பன் ஒற்றை ஆளாக நின்றான். ஒரு பக்கம் ஓடினால் மறுபக்கம் போயிற்று. கையெழுத்துப் போட்டது அப்போதுதான் அவனுக்குச் சுரீரென்று உறைத்தது. நிரந்தரம் ஆகாத வேலை. தன் ஆட்களைக் கூப்பிட்டான். சாப்பாட்டு வரிசையை விட்டு எவன் வருவான்? ரோட்டைப் பார்த்தான். தூரத்தில் ஒரு சிவப்புக் கோட்டு பஸ் படியில் தெரிந்தது.

"அண்ணே!" என்று தொண்டை கிழியக் கத்தினான். "கல்யாணராமண்ணே! தனியா மாட்டிக்கிட்டேண்ணே! வாங்கண்ணே!"

கல்யாணராமனின் கால் படியில் நின்றுபோயிற்று. இத்தனை வருஷ வேலையில் அவரை எல்லோரும் சார் என்று கூப்பிட்டிருக்கிறார்கள், ஐயா என்று எழுதியிருக்கிறார்கள். உதவிக்கு வா என்று யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. போக வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை. தாள் பையில் பத்திரமாக இருந்தது. அந்தத் தாளில் அந்தப் பையனின் கையெழுத்து இருப்பதுதான் இப்போது உறுத்தியது. நாளைக்கு வராந்தாப் பெஞ்சில் இவன் உட்கார்ந்திருப்பான், மீசையோடு. எழுந்து வணக்கம் வேறு சொல்வான். வெட்கமாக இருந்தது கல்யாணராமனுக்கு. தன் கழுத்துக் கயிற்றைக் கழற்றிச் சின்னப் பையன் கழுத்தில் மாட்டிவிட்டு வந்ததுதானே இது?

"அகிலா, நீ இதுல போ. நான்..." என்று திரும்பினார். அகிலாண்டம் அவருக்கு முன்னால் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மைதானத்தைப் பார்க்க நடந்துகொண்டிருந்தாள்.

கல்யாணராமன் ஓடினார். தொப்பி ஒரு பக்கம் பறக்க, கையில் மடக்கின குடையை நீட்டிப் பிடித்தபடி, முதுகில் பேண்டு செட்டின் போன் நம்பர் வெயிலில் மின்ன ஓடினார். "விடுங்கப்பா! சர்க்கார் சாமான்! விடுங்க!" என்று அவர் போட்ட கூச்சலை அவர் தொண்டையே அதற்கு முன் அறிந்ததில்லை.

ராஜாராம் வாத்தியார் இன்னும் மைக்கை விடவில்லை. எஞ்சிய வசனம் ஒன்று சொல்லப்படாமல் கிடந்தது அவருக்குப் பொறுக்கவில்லைபோல. ஓடிவரும் சிவப்புக் கோட்டைப் பார்த்தார்.

"இதோ!" என்று முழங்கினார். "திருச்சியிலிருந்து உதவிப்படை வந்துவிட்டது!"

ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒற்றை ஆள் உதவிப்படையையும் அதன் குடையையும் பார்த்து மைதானமே வெடித்துச் சிரித்தது. சிரித்துவிட்டுக் கைதட்டினார்கள். கைதட்ட வேண்டுமென்றால் பிடித்திருப்பதை விட வேண்டுமே. தார்ப்பாய்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. கல்யாணராமன் ஒன்றின்மேல் விழுந்தார், முத்துக்கருப்பன் இன்னொன்றின்மேல் விழுந்தான், ஓடியவர்களைத் துரத்தி மிச்சத்தையும் பிடுங்கி வந்தார்கள்.

கடைசியில் தார்ப்பாய்க் குவியலில் சாய்ந்து இரண்டு பேரும் மூச்சு வாங்கினார்கள்.

"அதேன் கையெழுத்து வாங்கிட்டீங்களேண்ணே," என்றான் முத்துக்கருப்பன். "பெறகு எதுக்குத் திரும்பி வந்தீங்க?"

"நானும் ஜில்லாவுல ஒரு ஆபீஸ் விடாம எழுதினேன். ஒரு ஆள் வரலை," என்றார் கல்யாணராமன். "நீ வாயால கூப்பிட்டே. கால் நிக்கலைடா."

லாரியோடு தங்கப்பொண்ணு வந்து இறங்கினாள். குவியலைப் பிரித்து எண்ணினாள். இன்னொரு தடவை எண்ணினாள். காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தாள்.

"ஒண்ணு கொறையுது. யாரு பேருல எழுத?"

"எம் பேருல," என்றான் முத்துக்கருப்பன்.

கல்யாணராமன் பையிலிருந்த தாளை எடுத்தார். ஒரு கணம் பார்த்தார். குறுக்கே ஒரு கிழி கிழித்தார். "எம் பேருலயே எழுதும்மா," என்றார். "வாங்கினவன் நான்தான்."

வாசலில் விழாமல் மிஞ்சி நின்ற கரும்பலகைக்குப் பின்னாலிருந்து அகிலாண்டத்தின் குரல் வந்தது.

"யார் பேர்லயும் எழுத வேண்டாம். அது என் மடியில இருக்கு. பழைய தையல்தான் விட்டுப்போச்சு, கொஞ்சம் பொறுங்கோ."

தங்கப்பொண்ணு எட்டிப் பார்த்தாள். அகிலாண்டம் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, வீட்டிலிருந்து கையோடு கொண்டுவந்த கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தாள். தங்கப்பொண்ணு பேனாவை மூடிக் காதில் செருகிக்கொண்டு, தையல் முடிகிறவரை லாரி நிழலில் போய் உட்கார்ந்தாள்.